மயூரியை யார் சுமந்தது?

1

நான் ஜேர்மனிக்கு வந்து இருபத்தேழு வருடம் முடிந்த அன்று காலையில் அமெரிக்காவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. என் மகள் ஆரணியின் கைபேசிக்கு வந்தது. அனுப்பியவர் ஒரு பத்திரிகையாளர். போரில் ஊரே ஒரே நாளில் வெளிக்கிட்ட பெரிய இடப்பெயர்வின்போது மூன்று வயது மயூரியைத் தூக்கிக்கொண்டு நடந்தது அவளுடைய தாயா, அல்லது வேறு யாராவதா? அவ்வளவுதான் கேள்வி.

மயூரி என் தங்கை வசந்தியின் மகள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சட்டசபையில் உறுப்பினராக இருக்கிறாள். கீழ்ச்சபையில் இருந்தவள் இந்த முறை மேற்சபைக்குப் போட்டியிடுகிறாள். தேர்தலுக்கு ஐந்து கிழமை இருந்தது. அவளுடைய எல்லாக் கூட்டமும் ஒரே கதையோடுதான் தொடங்கும். "என்னை இடுப்பில் சுமந்துகொண்டு என் தாய் ஒரு பகல் முழுக்க மழையில் நடந்தார்."

அது பொய். சுமந்தது நான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அரசியல்வாதிகளைப் பிடிக்காது. பத்திரிகைக்காரரையும் பிடிக்காது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்குக் கட்டுரை எழுதுகிறவர்களை இன்னும் பிடிக்காது. ஆசைப்பட்டு நான் இதை எழுதவில்லை.

ஆரணி கேள்வியை வாசித்துச் சொன்னதும் நான் முதலில் கேட்டது, "ஆர் அவனுக்குச் சொன்னது?" என்றுதான்.

"ஆர் சொன்னா என்னப்பா? அவர் ஒரு கேள்விதான் கேக்கிறார்."

"கேள்வி கேக்கிறவன் ஒருத்தனும் சும்மா கேக்கிறேல்லை. எங்கட ஆக்கள்தான் ஆரோ போய் ஓதியிருக்கிறாங்கள். ஜேர்மனியிலை மாமன் இருக்கிறான் எண்டு வெள்ளைக்காரனுக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்ப பதில் என்ன எழுத?"

"ஒண்டும் எழுதாதை."

நான் முதியோர் இல்லமொன்றில் சமையல்காரன். அன்று கிழங்கு அவிக்கிற நேரம் முழுக்க அந்தக் கேள்விதான் தலையில். நான் உண்மையைச் சொன்னால் மயூரி பொய்க்காரி என்று பத்திரிகையில் வரும், தேர்தல் போய்விடும். உண்மையைச் சொல்வதில் எனக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2

மயூரி பற்றி ஊர்ப் பேப்பரில் அமெரிக்காவை ஆளுகிறாள் என்ற மாதிரி எழுதினார்கள். அவள் அமெரிக்காவை ஆளவில்லை. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டசபை இருக்கிறது. எங்கள் மாகாணசபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இவர்களின் கையில் உண்மையாகவே அதிகாரம் உண்டு. அவளுடைய மாநிலத்தில் வருடத்தில் சில மாதம்தான் சபை கூடும். சம்பளம் காணாது. மிச்ச மாதங்களில் அவள் ஒரு வக்கீல் கந்தோரில் வேலை செய்கிறாள். முதலில் உள்ளூர்ப் பாடசாலைச் சபைக்கு நின்றாள். பிறகு கீழ்ச்சபைக்கு நின்று தோற்றாள், மறுபடி நின்று வென்றாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்பதால், வென்ற கிழமையே அடுத்ததுக்கு நடக்கத் தொடங்கிவிடுவாள்.

நடப்பது என்று நான் சொல்வது கால்நடைதான். முந்தின தேர்தலின்போது மூன்று கிழமை அங்கே போய் நின்றேன். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துண்டுப் பிரசுரப் பையை என் தோளில் மாட்டிவிட்டாள். கையில் ஒரு பட்டியல். எந்த வீட்டில் யார், என்ன வயது, எந்தக் கட்சிப் பக்கம் என்று எல்லாம் அதில் இருந்தது.

"இதை உனக்கு ஆர் தந்தது?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் கிடைக்கும் மாமா. லீகல்தான்."

எங்கள் ஊரில் ஒருவன் எங்கள் பெயர்ப் பட்டியலோடு படலையில் வந்து நின்றால் நாங்கள் பின்பக்கத்தால் ஓடியிருப்போம். இங்கே கதவைத் திறந்து, நாயைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக் கதைக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் நம்பிக்கை வரவில்லை. பாதிப் பேர் எங்களை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிய சத்தம் கேட்டது.

அவள் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாத நோயாளிக்கு மொழிபெயர்க்க அவருடைய சின்னப் பிள்ளைகளைப் பிடித்து வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரியே ஆள் வைக்கவேண்டும் என்ற சட்டம். மூன்று வருடம் அதைக் குழுத்தலைவர் ஒருவர் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தாராம். பிறகு எப்படி வெளியில் வந்தது என்று கேட்டேன்.

"அவற்ற ஊரிலை ஒரு பாலம் வேணுமெண்டார். நான் பாலத்துக்குக் கை தூக்கினன்."

"பாலம் தேவையான பாலமோ?"

கொஞ்சம் யோசித்தாள். "ஆத்துக்கு மேலைதான் கட்டினவை மாமா," என்று சிரித்தாள்.

இந்தக் கெட்டித்தனம் எனக்குப் பயமாக இருந்தது. இவள் எதையும் எதற்கும் மாற்றுவாள் என்று நினைத்தேன். அன்று ஏழாவதோ எட்டாவதோ கதவில், கைத்தடியோடு நின்ற ஒரு பெண்ணுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். என் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அம்மா, மழை, நடை என்ற சொற்கள் விளங்கும். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. நான் பக்கத்தில் பையோடு நின்றேன். "இவர் என் மாமா, ஜேர்மனி" என்று என்னை அறிமுகப்படுத்தினாள். தபால்காரனைக் காட்டுவது போல இருந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். "அந்த நடந்த கதை ஆர் உனக்குச் சொன்னது?"

"அம்மா. ஏன் மாமா?"

"சும்மா."

அதோடு விட்டுவிட்டேன். பிள்ளை பொய் சொல்லவில்லை, தாய்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மூன்று கிழமையும் தங்கையின் கையால் சாப்பிட்டேன். ஏனடி இப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது.

3

நடந்தது இதுதான். வசந்தி பெரியாஸ்பத்திரியில் வார்ட்டில் வேலை. அவளுடைய புருஷன், என் மச்சான், கொழும்பில் மாட்டுப்பட்டிருந்தார். எல்லாரும் வெளிக்கிடவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது அவள் ஆஸ்பத்திரியில் நின்றாள். நோயாளிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து நோயாளிகளை ஏற்றிய லொறியில்தான் வந்து சேர்ந்தாள்.

பிள்ளை என்னிடம். சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றி, அதில் அவளை இருத்தி, தலைக்குப் பொலித்தீன் பையைக் கவிழ்த்து உருட்டிக்கொண்டு போனேன். கரியரில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. ஊர் முழுக்க ஒரே தெருவில். அரை அடி நகர அரை மணித்தியாலம். பாலத்துக்குக் கிட்ட அவளுடைய ஒரு செருப்புக் கழன்று விழுந்தது. நான் குனியவில்லை. குனிந்தால் பின்னால் வருகிற சனம் எங்கள் இரண்டு பேரையும் மிதித்துவிடும். அவள் மிச்ச வழி முழுக்க ஒன்றையே சொன்னாள். "மாமா, செருப்பு."

4

மூன்று வருடம் கழித்து ஜேர்மனிக்கு வந்தேன். ஹாலேக்குப் பக்கத்தில் பழைய பட்டாளக் கட்டடம் ஒன்றில் அகதிகளை வைத்திருந்தார்கள். ஒரு அறையில் ஆறு பேர். அங்கே எங்களுக்கெல்லாம் அகதிக் கேஸ் எழுதித் தருகிற ஒருவர் இருந்தார். ஊரில் படிப்பித்தவராம். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். விசாரணைக்குப் போக முதல் அவரிடம் கதையைச் சொல்லவேண்டும். அவர் அதைத் திருத்தி, பாடமாக்கித் தந்து, நாலு தரம் ஒப்பிக்க வைப்பார்.

என் கதையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, நடந்தனாங்கள், மழை பெய்தது. இது கேஸோ? அங்கை நடக்காத ஆள் ஆர்?"

"அதுதானே மாஸ்டர் நடந்தது."

"நடந்ததைச் சொல்லுறதெண்டால் ஊருக்குத் திரும்பி நடக்கவேண்டியதுதான். தங்கச்சியும் பிள்ளையும் அந்தத் தெருவிலை ஷெல் விழுந்து செத்துப்போச்சினம் எண்டு சொல்லும்."

"அதுகள் உயிரோடை இருக்குதுகள்."

"இருக்கட்டும். ஜேர்மன்காரன் போய்ப் பாக்கப் போறானோ?"

பெயரையாவது மாற்றிச் சொல்கிறேன் என்றேன். அதற்கும் விடவில்லை. "விசர்க் கதை கதையாதையும். புதுப் பேர் வைச்சால் ரெண்டாம்தரம் கேக்கேக்கை மறந்துபோவீர். முரண்பாடு வந்தால் துலைஞ்சீர். உள்ள பேரையே சொல்லும்."

நான் உள்ள பெயரையே சொன்னேன். வசந்தி, மயூரி, இரண்டு பேரின் பிறந்த திகதி, எல்லாம் சரியாக. அந்தக் காலத்தில் எத்தனை பேர் இப்படி உயிரோடு இருக்கிற தாய் தகப்பனை, சகோதரங்களை அவர்களின் சொந்தப் பெயரிலேயே கொன்றோம் என்று எனக்குத் தெரியாது. என் அறையில் மட்டும் மூன்று பேர்.

விசாரணையில் மொழிபெயர்த்தது டிரெஸ்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்நாட்டுப் பெடியன். நல்ல பிள்ளை. அதிகாரி என்னை நம்பாத முகத்தோடு பார்த்தபடி, குழந்தை இறந்தது எப்படித் தெரியும், உடலைப் பார்த்தாயா என்று கேட்டார். மாஸ்டர் இதைப் பாடமாக்கித் தரவில்லை. என் வாயில் தானாக வந்தது. "செருப்பு ஒண்டு கிடந்தது. பிள்ளையின்ர செருப்பு." சொல்லிவிட்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை. அதிகாரியின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன்.

கடைசியில், எழுதியதை எல்லாம் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சரி என்று சொல்லவேண்டும். பிறகு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. அந்தப் பெடியன் வாசித்தான். "குழந்தை இறந்துவிட்டது. சரியா சார்?"

"ஓம்."

"ஓம்னா ஆமாதானே சார்?"

"ஓம் தம்பி. ஆமா."

5

எனக்கு விசா கிடைத்தது. அவர்களுக்குச் சாவு கிடைத்தது. நான் கலியாணம் கட்டியபோது வசந்தி கொழும்பில் இருந்து கேட்டாள். "அண்ணை, எனக்கும் பிள்ளைக்கும் ஸ்பொன்சர் அனுப்புங்கோவன். கலியாணத்துக்கு வந்திட்டுத் திரும்பிப் போறம்." ஆட்களை வரவழைக்க, நான் அப்போது இருந்த கார்ல்ஸ்ரூஹேயில் வெளிநாட்டவர் கந்தோரில் நேரம் கேட்டு டெர்மின் எடுத்து, வருகிறவர்களின் பெயர், உறவு எல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். செத்தவர்களை எப்படிக் கூப்பிடுவது? விண்ணப்பமே போடாமல், அந்த்ராக் போட்டேன், மறுத்துவிட்டார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். ஆரணி பிறந்தபோது மறுபடி கேட்டாள். மறுபடி மறுத்துவிட்டார்கள் என்றேன். மூன்றாம் தரம் அவள் கேட்கவில்லை. பிறகு மச்சானின் தமையன் மூலம் அமெரிக்கா போனார்கள்.

நான் ஜேர்மன் குடியுரிமை எடுத்தேன். ஆனாலும் தபால்பெட்டியில் கந்தோர்களின் மஞ்சள் உறை கிடந்தால் இன்றைக்கும் ஒரு நாள் திறக்காமல் வைத்திருப்பேன். திறந்தால் பெரும்பாலும் வேகமாகக் கார் ஓடிய தண்டம்தான். கந்தோரில் ஒரு அதிகாரி அன்பாகக் கதைத்தால், இவன் கோப்பைப் பார்த்துவிட்டான் என்று நினைப்பேன். கந்தோர்க் கடிதங்களை எட்டு வயதிலிருந்து ஆரணிதான் எனக்கு வாசித்துச் சொன்னவள். மயூரியின் சட்டம் இங்கே இருந்தால் என்னைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளையே நகராட்சியில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்துவிட்டு ஒரு கந்தோர் மேசைக்குப் பின்னால் இருக்கிறாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் வரும். அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறவளிடம், உன் அப்பா இப்படிச் செய்தவன் என்று நான் சொன்னதில்லை.

6

கேள்வி வந்து மூன்றாம் நாள் வசந்திக்கு ஸ்பீக்கரில் போட்டு ரெலிபோன் எடுத்தேன். ஆரணி குசினியில் நின்றாள். நான் கதவைச் சாத்தவில்லை. மறந்துபோய்ச் சாத்தாமல் விட்டேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று எனக்கே சந்தேகம்.

"ஏன் பிள்ளைக்குப் பொய் சொன்னனீ?" என்று நேரே கேட்டேன்.

"என்ன பொய்?"

"நீ தூக்கிக்கொண்டு நடந்தனீ எண்டு. நீ ஆஸ்பத்திரியிலை நிண்டனீ. தூக்கினது நான்."

அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

"அண்ணை, ரொறன்ரோவிலை ஒரு கலியாண வீட்டிலை ஒராள் என்னைக் கண்டிட்டு, சோத்துத் தட்டோடை நிண்டபடி வாயைப் பிளந்தவர். உங்களோடை ஹாலேயிலை ஒரே அறையிலை இருந்தவராம். 'தங்கச்சி, நீர் செத்துப்போனீரெல்லே' எண்டார். பகிடி எண்டு நினைச்சன். இருத்தி வைச்சு எல்லாம் சொன்னார். செருப்புக் கதையும் சொன்னார்."

"எப்ப?"

"பதினைஞ்சு வரியம் இருக்கும்."

"பதினைஞ்சு வரியமா ஒண்டும் கேக்கேல்லையே நீ?"

"செத்தவள் என்னத்தைக் கேக்கிறது? கொழும்பிலை லொட்ஜிலை ரெண்டு வரியம் பொலிஸ் பதிவுக்கு அலைஞ்சு கொண்டிருந்தனாங்கள், அண்ணை. நீங்கள் அந்த்ராக் போட்டனான், மறுத்திட்டாங்கள் எண்டு சொன்னனீங்கள். நானும் ஜேர்மன்காரனைத் திட்டினன். உங்கட கதையிலை நானும் பிள்ளையும் இல்லை. அப்ப என்ர கதையிலை நீங்கள் ஏன் இருக்கவேணும்? பிள்ளை கேட்டாள், ஆர் அம்மா என்னைக் கொண்டு வந்தது எண்டு. நான்தான் எண்டு சொன்னன். அவள் அதைக் கொண்டுபோய் ஊரெல்லாம் சொல்லுவாள் எண்டு கண்டனோ?"

"பேப்பர்காரன் கேக்கிறான்," என்றேன்.

"நீங்கள் என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ. நான்தான் தூக்கினனான் எண்டு நீங்களும் சொன்னால் பிள்ளை தப்பியிடும். உங்கட கோப்பும் தப்பியிடும். பொய் சொல்லிப் பழக்கம்தானே." வைத்துவிட்டாள்.

7

திரும்பிப் பார்த்தால் ஆரணி வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கந்தோர்க்காரிபோல ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த விசாரணைப் புரொட்டொகோலில் மயூரி மச்சாளின்ர பேர் அப்படியே இருக்கோ?"

"ஓம். பிறந்த திகதியும்."

"ஷைசே," என்று ஜேர்மனில் தூஷணம் சொன்னாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

மயூரிக்கும் எடுத்தேன். முதலில் ஒரு உதவியாளர், பிறகுதான் அவள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"பேப்பர் எங்கை இருக்கு மாமா?" என்றாள்.

மாஸ்டரும் இப்படித்தான் கேட்டிருப்பார். "இஞ்சை, கோப்பிலை."

"வேற ஆருக்குத் தெரியும்?"

சொன்னேன். பிறகு, "மாமா, அந்த ரிப்போர்ட்டருக்கு நீங்கள் என்ன சொல்லப்போறீங்கள் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியாமல் இருக்கவேணும். ப்ளீஸ்," என்றாள். வைக்கப்போனவள் நிறுத்தினாள். "எனக்குச் செருப்பு ஞாபகம் இருக்கு. அம்மா அப்படி ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னவ. கனவு எண்டு நினைச்சனான்."

தெரியாமல் இருக்கவேண்டும் என்று அவள் கேட்டது தன் பதவிக்காகவா, என்னை நெருக்கக் கூடாது என்றா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அவள் அரசியல்வாதி.

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. பதில் எழுதாமல் விட்டால், பத்திரிகைக்காரன் தனக்கு ஓதின எங்கள் ஆள் சொன்னதை வைத்து எழுதுவான். தாய்தான் சுமந்தாள் என்று நான் எழுதினால், அது என் இரண்டாவது பொய்ச் சாட்சி. உண்மையை எழுதினால் மட்டும் போதாது. தாய் ஏன் பிள்ளைக்குப் பொய் சொன்னாள் என்பதையும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் மயூரி தெரிந்தே பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். அதை எழுதினால் என் பெயர், என் கேஸ், எல்லாம் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் கிடக்கும். அதை யாராவது இங்கே கொண்டுவந்து கொடுக்க ஒரு தமிழன் போதும்.

"உங்கட ஜேர்மன் பாஸ்போட்டை எடுப்பாங்களோ?" என்று ஆரணி கேட்டாள்.

"தெரியாது. வக்கீலிட்டைத்தான் கேக்கவேணும்."

"முதல் வக்கீலிட்டைக் கேட்டிட்டு எழுதுவம்."

"கேட்டால் எழுதாதேங்கோ எண்டுதான் சொல்லுவான். நீ எழுது."

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். நான் சொன்னது நீளம், அவள் எழுதியது கட்டை. எனக்குச் சந்தேகம் வந்தது. இவள் எனக்காக எதையாவது விட்டிருப்பாள்.

"திருப்பி வாசி. தமிழிலை."

"அப்பா, என்ர தமிழ்..."

"வாசி. நான் சரி எண்டு சொன்னாப் பிறகுதான் அனுப்பவேணும்."

அவள் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி வாசித்தாள்.

"பிள்ளை என்ர சைக்கிளில் வந்தது. நான் உருட்டினேன். தாய் ஆஸ்பத்திரியில் ஆக்களைப் பாத்தா. ரெண்டு நாள் பிறகு வந்தா. சரியோ?"

"சரி."

"மயூரிக்கு இது தெரியாது. அவளுக்குத் தாய் வேற மாதிரிச் சொன்னவ. அதுக்குக் காரணம் நான். நான் ஜேர்மனியில் அவை ரெண்டு பேரும் செத்துட்டினம் எண்டு சொல்லி, கையெழுத்து வைச்சேன். சரியோ?"

அவள் என்னைப் பார்க்காமல் மறுபடி கேட்டாள். "சரியோ அப்பா?"

"சரி."

"ஒரு செருப்பு விழுந்தது. நான் எடுக்கேல்லை."

"சரி."

கடைசி வரியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை அவளே எழுதியிருந்தாள்.

"அந்தப் பிள்ளை உயிரோட இருக்குது. சரியோ?"

"ஓம்," என்றேன். "கீழை என்ர முழுப் பேரையும் போடு."